டீக்மன் வீட்டு அடுப்பு

ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், கோயிலும் கடையும் உள்ள ஊர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வரைபடம் வேறு. அரிசி, மிளகாய்த்தூள், கருவேப்பிலை எல்லாம் ஏற்றிய வான் வண்டியோடு பீலெஃபெல்டிலிருந்து கிராமம் கிராமமாக ஓடுவது என் பிழைப்பு. வழியில் ஒரு மனுசனைக்கூடக் காணமுடியாத ஊரில் போய் உணவகத்தின் பின்கதவைத் தட்டினால், ஏப்ரன் கட்டிய யாழ்ப்பாணத்தான் ஒருவன் வந்து திறப்பான். முன்பக்கம் ஜேர்மன் பெயர்ப்பலகையும் மான்கொம்பும் தொங்கும். உள்ளே ஷ்னிற்சல் இறைச்சி பொரிப்பவன் நல்லூர்க்காரனாகவோ வடமராட்சியானாகவோ இருப்பான். வெல்டன்ரோடவில் அந்த ஆள் இரத்தினம்.

வெல்டன்ரோட உருப்படாமல் போய் நெடுநாளாகிறது. சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. அது போலந்துக்குப் போனபின் ரயில் நிற்பதை விட்டது. பள்ளிக்கூடம் மூடியது. வங்கியில் ஆட்களை எடுத்துவிட்டு ஒரு காசு இயந்திரத்தை வைத்தார்கள். அதையும் யாரோ வெடி வைத்து உடைத்துக்கொண்டு போனார்கள். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது முட்டை விற்கும் பெட்டி ஒன்று நிற்கிறது. இளசுகள் எல்லாம் போய்விட்டன. இரத்தினத்தின் மகள் தர்மிகாவும் கார்ஹிங் நகருக்குப் படிக்கப் போனவள், கிறிஸ்மஸுக்கு மட்டும் முகம் காட்டுவாள். மிச்சம் இருந்தது தேவாலயமும் தீயணைப்புப் படையும் டீக்மன் உணவகமும்தான். அங்கே பிறந்தநாளும் கல்யாணமும் நடந்த காலம் போய், கடைசிக் காலத்தில் பெரும்பாலும் சாவுக் கோப்பிதான் நடந்தது. அடக்கம் முடிந்ததும் ஊர் முழுக்க உணவகத்துக்கு வந்து கோப்பி குடித்து, வெண்ணெய்க் கேக் தின்று, செத்தவரைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போகும். அது அவர்கள் வழக்கம்.

இரத்தினம் அந்த ஊருக்கு வந்தது தன் விருப்பத்தில் அல்ல. அகதியாக வந்தவனை அரசாங்கம் அங்கே கொண்டுபோய்ப் போட்டது. கோப்பை கழுவ ஆளில்லாமல் திண்டாடிய கிழவர் டீக்மன் அவனைச் சேர்த்துக்கொண்டார். கோப்பை கழுவினவன் கிழங்கு உரித்தான், பிறகு இறைச்சி வாட்டினான், பிறகு சமையலறை முழுவதும் அவன் கைக்கு வந்தது. டீக்மனின் மனைவி இறந்தபின் உணவகத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அவன்தான். டீக்மனின் ஒரே மகள் உல்ரிக்க ஹம்பேர்க்கில் இருந்தாள். கிழவர் மேல்மாடியில் இருந்தார். இரத்தினமும் மனைவி மைதிலியும் பக்கத்து அறைகளில்.

கடைசி வருசங்களில் கிழவருக்கு நடக்க ஏலாது. குளிப்பாட்டியது இரத்தினம். ஊட்டியது மைதிலி. சொந்தத் தகப்பனின் சாவுக்கு ஊருக்குப் போக முடியாமல் இருந்தவன் இரத்தினம். அதனாலோ என்னவோ இந்தக் கிழவரை அப்படிப் பார்த்தான். நான் ஒருமுறை, "உமக்கென்ன விசரே, மகள்காரி சொகுசா இருக்கிறா, நீர் ஏன் உந்தப் பாடு படுறீர்?" என்று கேட்டேன். "அவர் என்னை ஒருநாளும் வேலைக்காரன் எண்டு சொன்னதில்லை, ராசண்ணை" என்றான். கிழவர் எதையுமே அதிகம் சொல்லாத மனுசன் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

கிழவருக்குப் பிறகு உணவகம் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருக்கும் இருந்த கேள்வி. தீயணைப்புப் படைத் தலைவன் கியூன்ரர் ஒரு திட்டம் சொன்னான். ஊர்ச்சனம் பங்கு போட்டு உல்ரிக்கவிடம் கட்டடத்தை வாங்குவது, இரத்தினம் தொடர்ந்து நடத்துவது. உல்ரிக்கவும் தலையாட்டியிருந்தாள். அது நடந்தால் இரத்தினத்துக்குச் சாகும்வரை வேலையும் இருப்பிடமும் உண்டு. நடக்காவிட்டால் அறுபது வயதில் பெட்டி தூக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மைதிலி கஞ்சியோடு மேலே போனபோது டீக்மன் போய்விட்டிருந்தார். அடக்கத்துக்கு அடுத்த கிழமைதான் நாள் கிடைத்தது. இந்த நாட்டில் செத்தவனுக்கும் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். அடக்கம் முடிந்த பிறகு பங்கு போடுவதற்கான கூட்டம் என்று கியூன்ரர் அறிவித்தான்.

நான் வழக்கம்போலச் சாமான் கொண்டு போனேன். உணவகக் கதவில், துக்கத்தை முன்னிட்டு மூடியிருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தது. சமையலறை குளிர்ந்து கிடந்தது. மைதிலி வெறும் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்ன, அடுப்பு மூட்டேல்லையோ?" என்றேன்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டுறதே, அண்ணை?" என்றான் இரத்தினம். தாடி வளர்ந்திருந்தது.

"அது எங்கட முறை. இஞ்ச அடக்கம் முடிய எல்லாரும் கோப்பிக்கு வருவினமே."

"மற்ற வீட்டுச் சாவெண்டா அந்த வீட்டு ஆக்கள் முதலே வந்து என்னோட இருந்து கதைப்பினம். எத்தினை பேர், என்ன கேக், சூப் வேணுமோ எண்டு. இந்தமுறை ஆரும் வரேல்லை. உல்ரிக்க வந்தவ. என்ர கையைப் பிடிச்சு அழுதவ. கோப்பியைப் பற்றி ஒரு கதை இல்லை. உங்களுக்கு விளங்கேல்லையே?"

"என்ன விளங்கிறது?"

"என்னையும் வீட்டு ஆளா நினைக்கிறா. வீட்டு ஆளிட்டை ஆரும் ஓடர் குடுப்பினமே?"

மைதிலி ஜாம் போத்தலை மூடினாள். "ஒருக்காக் கேளுங்கோ எண்டு நான் எத்தினைதரம் சொல்லிப்போட்டன், அண்ணை. கேக்கிறாரில்லை."

"கேட்டா அவ என்னை என்னெண்டு நினைப்பா? தகப்பன் செத்துக் கிடக்க யாவாரம் கதைக்கிறான் எண்டெல்லோ" என்றான். "அயல் எல்லாம் கேக் செய்து கொண்டுவரும். ஆருக்கும் வருத்தமெண்டா இஞ்ச சூப் காய்ச்சிக் கொண்டு போறவைதானே."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் மண்டை அப்படி. இந்த நாட்டுப் பாணைத் தின்று, இந்த நாட்டுக் குளிரில் தலை நரைத்தும், நெருக்கமானவனிடம் வாய்விட்டுக் கேட்கக்கூடாது என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. கேட்டால் பிரித்துப் பார்த்ததாகிவிடும் என்று நாங்கள் பயப்படுவோம்.

அடக்கத்தன்று நல்ல மழை. செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று என் மனைவி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துத் தந்திருந்தாள். அவற்றை வானில் வைத்துவிட்டுச் சவக்காலைக்குப் போனேன். இரத்தினம் கறுப்புக் கோட்டோடு முன்வரிசையில் உல்ரிக்கவுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் தன் குடையை அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். மண் போடும்போது அவன் விம்மி அழுதான். அங்கே வேறு யாரும் அப்படி அழவில்லை. பாதிரியார் கடைசியாக, டீக்மன் குடும்பம் வந்திருக்கும் எல்லோரையும் உணவகத்துக்கு அழைக்கிறது என்று அறிவித்தார். இரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லம் அண்ணை, எல்லாரும் வருகினம்" என்றான்.

எல்லோரும் வந்தார்கள். குடைகளை உதறி, கோட்டுகளைக் கொழுவி, மேசைகளில் நிறைந்து உட்கார்ந்தார்கள். மேசைகளில் விரிப்பு இல்லை, கோப்பை இல்லை. அடுப்புப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் கையிலும் கேக் இல்லை. இரத்தினம் உல்ரிக்கவின் மேசையிலேயே, அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதையை நிறுத்தி அவனைப் பார்த்தார்கள்.

உல்ரிக்க அவன் பக்கம் குனிந்து, "இரத்தினம், கோப்பி?" என்றாள்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, உல்ரிக்க. எங்கள் முறைப்படி, வீட்டில் சாவு என்றால் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டமாட்டோம்" என்று அவன் ஜேர்மனில் சொன்னான்.

அவள் முகம் மாறியது. கோபத்தில் அல்ல, உண்மையான இரக்கத்தில். அவன் கையைத் தொட்டுக் கேட்டாள்:

"ஐயோ, உங்கள் வீட்டில் யார் செத்தது? ஸ்ரீலங்காவிலா?"

இரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டாள். "அதை முன்னமே சொல்லியிருக்கலாமே. நாங்கள் வேறு யாரையாவது பிடித்திருப்போம்."

மைதிலி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அவள் கோப்பி இயந்திரத்தைச் சூடாக்குவதற்குள் பாதிப் பேர் கோட்டுகளை எடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பெற்றோல் நிலையத்தில் கோப்பி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் வானுக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது? மரியாதைக்காக நாலைந்து கிழவிகள் கத்தரிக்காயை முள்ளுக்கரண்டியால் தொட்டுப் பார்த்தார்கள். உல்ரிக்க எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்று பின்னேரம் நான் இரத்தினத்திடம், "உல்ரிக்கவிட்டைப் போய்ச் சொல்லும், கிழவரைத்தான் நினைச்சு அடுப்பு மூட்டேல்லை எண்டு சொல்லும். விளங்கப்படுத்தினா அவவுக்கு விளங்கும்" என்றேன்.

"அவவுக்கு விளங்கும், அண்ணை. கேட்டிட்டு, எவ்வளவு நல்ல மனம் எண்டு நன்றி சொல்லுவா" என்றான். "எனக்கு அது ஏலாது." அவன் போகவே இல்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம், வழக்குத் தீர்ந்திருக்கும். பங்குக் கூட்டத்துக்குக் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். இரத்தினம் நல்லவன்தான், ஆனால் முக்கியமான நாளில் கைவிட்டுவிட்டான், அவனை நம்பி எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டார்களாம். கிழவர் குடும்பத்துக்கே இப்படியென்றால் நமக்கு என்ன செய்வான் என்று ஒருத்தி கேட்டாளாம். கியூன்ரர் வந்து இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லிவிட்டு ஒரு பியர் குடித்துவிட்டுப் போனான். உல்ரிக்க கட்டடத்தை ஹனோவர்க்காரன் ஒருவனுக்கு விற்றாள். அவன் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப் போகிறான். பங்குனிக்குள் வெளியேற வேண்டும். கெல்சென்கிர்ச்சனில் ஒரு கன்ரீனில் இரத்தினத்துக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றான்.

சாமான் ஏற்ற நான் வானோடு போன கிழமையில்தான் கியூன்ரரின் தாய் இறந்தாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். ஊரில் வேறு இடம் இல்லை, கடைசியாக ஒருமுறை செய்து தருவாயா என்று கேட்டான். இந்தமுறை எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னான்: எத்தனை பேர், என்ன கேக், பன்றி இறைச்சி வைத்த பாண். சொல்லி முடித்து, "நிச்சயம்தானே?" என்று இரண்டுதரம் கேட்டான்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்று மைதிலி தமிழில் சொன்னாள். நானும் அதையேதான் நினைத்தேன். இரத்தினம் ஆமென்று தலையாட்டினான். கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்துத் தட்டங்களை எடுத்தான்.

ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளை விரிப்பு, சூடான கோப்பி, மேலே வாதுமை தூவிய கேக். சனம் ரசித்துச் சாப்பிட்டது. பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்தது. இரத்தினம் மேசை மேசையாகக் கோப்பி ஊற்றிக்கொண்டு போனான், எவர் மேசையிலும் உட்காரவில்லை. போகும்போது ஒவ்வொருவரும் அவனுக்குக் கைகொடுத்து, எல்லாம் பழையபடி அருமை என்றார்கள்.

கியூன்ரர் கடைசியாக வந்தான். கண் சிவந்திருந்தது. இரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டு, ஏன்தான் எங்களை விட்டுப் போகிறாய்?" என்று கேட்டான். அவன் உண்மையாகவே கேட்டான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அங்கே வேலை கிடைத்திருக்கிறது" என்றான் இரத்தினம்.

"அப்படியென்றால் நல்லதுதான்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, கியூன்ரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.