சைக்கிளைத் தட்டிய கார் எங்கள் வாசலுக்கு வந்தது

சகோதரிகளே, நாலு பேருக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லாதவள் நான். ஆனாலும் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

என் கணவருக்குக் கல்முனையில் தையல் கடை. வீடு சாய்ந்தமருதில். சைக்கிளில்தான் போய்வருவார். போன நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு வந்தவரின் முழங்கை உரசித் தோலுரிந்திருந்தது. சேர்ட்டெல்லாம் மண்.

"ஒழுங்கையால திரும்பின கார் ஒண்டு பின் சில்லுல தட்டிட்டு புள்ள. விழுந்துட்டன். தல தண்ணி ஓடுற கான் கட்டுல கொஞ்சம் பட்டிச்சு. ஒண்டுமில்ல."

கார்க்காரர் இறங்கி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாராம். கலியாண உடுப்பு தைக்கக் கிடக்கு என்று இவர்தான் மறுத்தாராம். பெயரும் கேட்கவில்லை, நம்பரும் வாங்கவில்லை.

"டொக்டரிட்ட காட்டுவமா மச்சான்?" என்றேன்.

"சும்மா இரிங்க. கொஞ்சம் படுத்து எழும்பினாச் சரி."

பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனேன். கண் திறக்கவில்லை. உலுப்பினேன். வாந்தி எடுத்தார். பேச்சுக் குழறியது. என்னைத் தன் தங்கச்சியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு உயிரே போனமாதிரி.

பக்கத்து வீடு பூட்டு. என் தம்பியின் ஓட்டோ அக்கரைப்பற்றில். ஆம்புலன்ஸ் நம்பரை அடிக்கிறேன், பிழை பிழையாகப் போகுது. இவரை ஒருபக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். "யா அல்லாஹ், எனக்கு ஆருமில்ல. நீயே ஒராள அனுப்பு."

உடனே யாரும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பிறகு வாசலில் ஒரு கார் நின்றது. தெரியாத ஒருவரும் அவர் மனைவியும்.

"தங்கச்சி, சைக்கிள்ல வந்து விழுந்தவர்ட வீடு இதானே?"

அந்தக் கார்க்காரர்தான், காருக்கு நட்டம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவருக்கு எப்பிடி இரிக்கு? எனக்குச் சோறு இறங்கல்ல. சந்திக் கடையில விசாரிச்சு வாறன்."

உள்ளே கையைக் காட்டினேன். பக்கத்து வீரமுனை ஊர்க்காரர் அவர். இவரைத் தூக்கிக் காரில் கிடத்தினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒப்பரேஷன் முடியும்வரை நான் துஆ கேட்பதை விடவில்லை; அவர் மனைவி என் கையை விடவில்லை. நடந்ததைப் பொலிஸிலும் கார்க்காரரே போய்ச் சொன்னார்.

"இன்னும் பிந்தியிருந்தாக் கஷ்டம்," என்றார் டொக்டர்.

அல்ஹம்துலில்லாஹ், இவர் இன்று நடக்கிறார், தைக்கிறார். றோட்டில் யார் விழுந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார். தட்டினவரின் பெயர், நம்பர் வாங்கிக்கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் விடமாட்டார். நானும் ஐந்து நேரத் தொழுகையை இப்போது அவசரப்பட்டு முடிப்பதில்லை.

உங்கள் வீட்டு ஆள் தலை அடிபட்டு வந்தால், சின்ன அடிதானே என்று படுக்கவிடாதீர்கள். டொக்டரிடம் கூட்டிப் போங்கள். போகிற வழியெல்லாம் அல்லாஹ்விடம் கேளுங்கள். ஆரும் இல்லாத வீட்டில் நான் கேட்டதை அவன் கேட்டான். உங்களுடையதையும் கேட்பான்.