நாலு வயசு மாமியார்

ஜுங்கராயி பத்து வருஷம் சாலை சமன் செய்யும் வண்டி ஓட்டினான். ஊர் கால்பந்து அணியில் வந்தவனையெல்லாம் இடித்துத் தள்ளினான். முப்பத்திமூன்று வயதில் கடைசியாக வந்து சேர்ந்த இடம் பாலர் பள்ளி. "ஆயா வேலைக்குப் போயிட்டான்டா" என்று அணியில் ஒரே கேலி. அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே! செம்மண்ணில் விரலால் தடம் பதித்து, கங்காரு எந்தப் பக்கம் போச்சு என்று தங்கள் வார்ல்பிரி மொழியில் கதை சொல்வான். பிள்ளைகள் அவன் தோளில், முதுகில், சில சமயம் தலையிலேயே இருப்பார்கள். "இவ உனக்கு யாரு? அவன் உனக்கு என்ன முறை?" என்று கேட்டபடி இருப்பான். பள்ளிக்கு வந்த ஆறே மாதத்தில் ஊரில் பாதிப் பேரை முறை சொல்லிக் கூப்பிடும் அந்தப் பொடிசுகள்.

அந்தத் திங்கட்கிழமை டகோட்டா வந்தாள். நாலு வயது. அவள் அம்மா சின்னதிலேயே அடிலெய்டு நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சொந்த மொழி தெரியாமல் வளர்ந்தவள். மகளுக்காவது நம் பேச்சு வரட்டும் என்று ஊர் திரும்பியிருந்தாள். பள்ளியை நடத்தும் லொரெய்ன் அக்கா பெயர் எழுதிக்கொண்டே, "இவ நபங்கார்டி" என்றாள்.

போச்சுடா! அவர்களில் ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே ஒரு முறைப்பெயர் உண்டு; யாருக்கு யார் என்ன உறவு என்பதை அதுதான் சொல்லும். ஜுங்கராயி ஆணுக்கு நபங்கார்டி பெண் மாமியார் முறை. மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. அவன் சட்டென்று முதுகைக் காட்டி நின்றான்.

குழந்தைக்கு என்ன தெரியும், பாவம்? மற்றவர்களைப் போலத் தோளில் ஏற ஓடி வந்தாள். அவன் விலகிப் போனான். புதன்கிழமைக்குள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து ஒரே அழுகை.

"எனக்குப் புரியுதுக்கா. அவளுக்குப் புரியணுமே!" என்றாள் அம்மா. "'அந்த ஆளுக்கு என்னைப் பிடிக்கலை'ன்னு ஏங்கிப் போறா. வெள்ளிக்கிழமை பஸ்ல நாங்க கிளம்பறோம்."

லொரெய்ன் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, பால்பல்லே விழலை, அதுக்குள்ள மாமியாரா? வளர்ந்தப்புறம் வெச்சுக்கடா உன் மரியாதையை!"

"எல்லாப் பிள்ளைக்கும் முறை நிஜம், அவளுக்கு மட்டும் பொய்யாக்கா? அவ நம்ம பொண்ணு இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றான் அவன்.

அன்று சாயங்காலமே வேட்டைக்குப் போனான். மாப்பிள்ளை மாமியாருக்குக் கறி கொடுத்தாக வேண்டுமே! மறுநாள் காலை, தணலில் சுட்ட கங்காரு வாலோடு பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பெட்டினாவைக் கூப்பிட்டான். ஐந்து வயது, சரியான வாயாடி. முறைப்படி அவள் டகோட்டாவுக்கு அம்மா.

"இதை உன் மககிட்ட குடு. யாரு குடுத்தாங்கன்னும் சொல்லு."

பெட்டினா இடுப்பில் கைவைத்து மேசைக்குக் கீழே குனிந்தாள். "ஏய் மகளே, வெளியே வா. நான்தான் உனக்கு அம்மா."

"நீயா?"

"பின்ன? அழாம கேளு. அவரு உன் மாப்பிள்ளை. உன் மேல அவ்ளோ மரியாதை, அதான் பாக்க மாட்டாரு. நீயும் பாக்கக் கூடாது. ஆனா கறி அவருதான் தரணும்."

"எப்பவுமா?"

"தராம இருந்துருவாரா? ஊரே திட்டும்!"

தொட்டிக்குப் பின்னால் ஜுங்கராயி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அழுகை நின்றது மட்டும் கேட்டது. அது போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் பஸ் நின்றது. பால் வாங்க வந்தவன், மூட்டையோடு நின்ற அம்மாவையும் மகளையும் பார்த்ததும் திரும்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் ஒரு கீச்சுக்குரல்.

"எல்லாரும் தள்ளுங்க! என் மாப்பிள்ளை வந்துட்டாரு!"

கடைக் கண்ணாடியில் தெரிந்தது: ஒரு பொடிசு சுவர் பக்கம் திரும்பி, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. வாசலே சிரித்தது. பெட்டினாவோடு வழியனுப்ப வந்திருந்த லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டினா! அடுத்த தடவை வால் இன்னும் பெருசா வேணும்னு சொல்லு அவர்கிட்ட!" என்றது சட்டைக்குள்ளிருந்து அதே கீச்சுக்குரல்.

ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். சிரித்துச் சிரித்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்ட அம்மா, நீங்க போங்க என்று அவருக்குக் கையசைத்தாள்.

ஜுங்கராயி திரும்பவில்லை. கண்ணீர் தாடியில் இறங்க, கடைப் பக்கம் பார்த்தே உரக்கச் சொன்னான்:

"பெட்டினா, நாளைக்கே வேட்டைக்குப் போறேன்னு சொல்லிடு."