வெள்ளிக்கிழமை மீன்குழம்பு

முத்தம்மாளுக்கு வயிற்றெரிச்சல் புதிதில்லை. அவளைக் கட்டிக்கொண்ட கையோடு சைகோனுக்குப் பிரெஞ்சுச் சிப்பாயாகப் போன வடிவேல், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். கண்ணால் பார்த்திராத அந்தப் பெண்ணை நினைத்து எரிந்தே முத்தம்மாளின் இளமை போனது. வில்லியனூர்ப் பக்கத்துச் சொந்தபந்தங்களும் அவளை மெல்லக் கைகழுவின. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் அவளுக்குத் தில்லையம்மாள் கிடைத்தாள். வைத்திக்குப்பத்து மீன்காரி. பெரிய மார்க்கெட்டில் அவளிடம் பேரம் பேசப் போலீஸ்காரனே யோசிப்பானாம். அப்பேர்ப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோக, மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனான். முத்தம்மாள் அவளைத் தன் சொத்தாக்கிக்கொண்டாள். குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். வேறு யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைகளில் கன்னியாஸ்திரிகளுக்கு இறைச்சி ஆகாது. இல்லம் முழுக்க மீன்குழம்புதான். குடியானவர் வீட்டில் பிறந்த முத்தம்மாள் அன்றைக்கு மீனைக் கையால் தொடமாட்டாள். ஆனால் தில்லையம்மாளுக்காகத் தொட்டாள். மீன்காரிக்கு ஏது வெள்ளியும் செவ்வாயும் என்பது அவள் நினைப்பு. குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, முள் பார்த்துப் பிசைந்து, வாயில் வைப்பாள். தில்லையம்மாள் பேசாமல் விழுங்குவாள். அதைப் பார்க்க முத்தம்மாளுக்கு மனசு நிறைந்துபோகும்.

நெல்லித்தோப்பிலிருந்து சந்திரகலா வேலைக்கு வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. அவள் எதையும் செய்வதற்கு முன்னால் கேட்பாள். சீப்பைத் தில்லையம்மாளின் வலது கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே வாருறீங்களா, நான் வாரட்டா?” என்பாள். கிழவி கோணல் வகிடு எடுத்து, அரை நாழி மல்லுக்கட்டி முடித்து, சிரிப்பாள். முத்தம்மாளின் கை எத்தனையோ காலம் பதவிசாக வாரியிருக்கிறது. அந்தச் சிரிப்பை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. சோம்பேறிச் சிறுக்கி, வேலையைக் கிழவி தலையிலேயே கட்டுகிறாள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முத்தம்மாளை வேறு கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், தில்லையம்மாளின் தட்டில் வெறும் மோர்ச்சோறு. மீன் துண்டைக் காணோம். சந்திரகலா வசமாக மாட்டிக்கொண்டாள் என்று முத்தம்மாளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஓடிப்போய் மேரைக் கையோடு அழைத்து வந்தாள். தலைமைக் கன்னியாஸ்திரியை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள், காரைக்கால்காரி.

“பாருங்க மேர்! இவ பெரிம்மாவுக்கு மீன் வைக்காம ஏமாத்துறா!”

“நான் கேட்டேன் மேர். வேணாம்னாங்க” என்றாள் சந்திரகலா.

மேர் கட்டிலோரம் குனிந்தாள். “தில்லை, நீயா வேணாம்னே?”

“ஆமா மேர். வெள்ளிக்கெழம நான் மீனு தொடறதில்ல. எங்க கோயிலு ஆத்தாளுக்கு நேந்துகிட்டது.”

முத்தம்மாள் கட்டிலருகே வந்தாள். “நான் ஊட்டினப்பல்லாம் தின்னியே பெரிம்மா?”

“வாய்ல வச்சிட்டா முழுங்காம இன்னாடி பண்ணுவேன்?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா ஒன் மூஞ்சி வாடிடும். கைகாலு வுழுந்தவ, ஒன்னக் கோவிச்சுக்க வச்சுட்டு நான் எங்க போறது?”

மேர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு, “இனிமே உன் பக்கத்துல யார் இருக்கணும்? நீயே சொல்லு” என்றாள்.

தில்லையம்மாள் முத்தம்மாளைப் பார்க்காமல் சொன்னாள். “சந்திரகலா இருக்கட்டும். அவகிட்ட வேணாம்னு சொல்லலாம்.”

சைகோன்காரியிடம் தோற்றபோதுகூட முத்தம்மாள் இப்படி அழுததில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று அழுதாள். சந்திரகலா நாசமாய்ப் போக வேண்டும் என்று மனமார நினைத்தாள். சில நாள் அந்தக் கூடத்துப் பக்கமே போகவில்லை.

பிறகு சந்திரகலாவே வந்தாள். “அக்கா, பெரிம்மா ஒங்களப் பேச்சுத்தொணைக்கு வருவீங்களான்னு கேக்கச் சொன்னாங்க.”

“வரல போ” என்றாள் முத்தம்மாள்.

மறுநாள் காலையில் தானாகவே போனாள். கட்டில் காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தமும், இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும் கேட்டன. எழுந்து போய்விடலாமா என்று பலமுறை தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சந்திரகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தில்லையம்மாள் காலை இழுத்து இழுத்து வந்தாள். புடவையை ஒற்றைக் கையால் தானே செருகியிருக்கிறாள் போலும். கொசுவம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. முத்தம்மாளின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“கொசுவத்த சரி பண்ணட்டா பெரிம்மா?”

“வேணாம்டி.”

சொல்லிவிட்டுத் தில்லையம்மாள் பயந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள். வாடுகிறதா என்று பார்த்தாள். அந்த முகத்தை வாடாமல் பிடித்து வைக்க முத்தம்மாள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“சரி பெரிம்மா” என்று கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.