அம்மாவின் நெற்றி

அம்மாவுக்கு அல்சைமர் என்று உறுதியான பிறகு மூளையைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பத்திரிகையில் வேலை செய்தவனுக்கு அது ஒரு வசதி. கவலையைக் கட்டுரையாக்கிவிட்டால் அதற்கு ஓர் அளவும் ஒப்படைக்கும் நாளும் கிடைத்துவிடும்.

அன்று நான் எழுதிக்கொண்டிருந்தது அஸ்ட்ரோசைட் என்னும் கலங்களைப் பற்றி. நட்சத்திரம்போலக் கைகளை விரித்தவை. மூளையில் ஒரு நரம்புக் கலம் அடுத்ததைத் தொடுவதில்லை. நடுவில் மிக ஒடுங்கிய இடைவெளி இருக்கிறது. ஒன்று அதற்குள் இரசாயனத்தைச் சிந்த, மற்றது ஏற்கிறது. நம் நினைவு பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளின் பலத்தில் நிற்கிறது. அஸ்ட்ரோசைட்டுகள் அவற்றைச் சுற்றிக் கைவைத்துக்கொண்டு, மிஞ்சிய இரசாயனத்தைத் துடைத்தெடுக்கின்றன. நரம்புக் கலங்களுக்குத் தீனி கொடுக்கின்றன. வேண்டாத சந்திப்புகளை அகற்றவும் செய்கின்றன. அல்சைமரில் இவற்றின் குணம் மாறிவிடுகிறது. செய்யவேண்டிய துப்புரவு குறைகிறது. இருக்கவேண்டிய சந்திப்புகள் அழிவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எங்கள் ஊரான கரம்பொனில், வீட்டு விறாந்தையில் வைத்து இதை எழுதி முடித்தேன். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

எனக்கு அந்தப் பொட்டுத்தான் உறுத்தல். அப்பா இறந்து பல வருடங்கள். அம்மா அதை மறந்துவிட்டார். அநுராதபுரத்துக் கடையைப் பூட்டிக்கொண்டு அப்பா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார் என்றே இருந்தார். காலையில் குளித்ததும் குங்குமம் கேட்பார், அக்கா வைத்துவிடுவார். அயலில் கதைத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊட்டுவது, கழுவுவது, இரவில் எழும்பிப் பார்ப்பது எல்லாம் அவர்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஞாயிறுகளில் வந்துபோகிறவன்.

அன்று அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, கனடாவிலிருந்து வந்து அம்மாவைப் பார்ப்பதாக இருந்தது. வேலணையைத் தாண்டிவிட்டோம் என்று வான் வண்டியிலிருந்து அழைத்துச் சொன்னார். நான் குசினிக்குப் போனேன். அக்கா வடைக்கு எண்ணெய் வைத்திருந்தார்.

"இண்டைக்கு மட்டும் அம்மான்ரை பொட்டை எடுத்துவிடன் அக்கா."

"ஏன், அது உன்ரை நெத்தியிலையே கிடக்குது?"

"மாமி என்ன நினைப்பா? தமையன் செத்த பிறகும்..."

"நினைக்கட்டும். நினைச்சுப்போட்டுப் பிளேன் ஏறட்டும். நாளைக்குக் காலமை குங்குமம் கேட்டா ஆர் பதில் சொல்லுறது? நீயோ? நீ பின்னேர பஸ்ஸிலை போயிடுவாய்."

அண்மையில் நடந்தவைதான் இந்த நோயில் முதலில் அழிகின்றன என்று நானே எழுதியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். துவாயை நனைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

"அம்மா, முகம் துடைச்சுவிடட்டே?"

"துடையும் தம்பி. நீர் ஆரின்ரை பிள்ளை? நல்ல பிள்ளை."

ஒரே இழுப்பில் போய்விட்டது. அம்மா துவாயில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். பிறகு விரல்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பொட்டை இன்னொருவர் அழிப்பது ஒரு நாளில்தான்: கணவனின் உடல் வீட்டைவிட்டுப் போகிற அன்று. எனக்குத் தெரியாத வழக்கமல்ல. துவாயை எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"எப்ப தம்பி நடந்தது?" என்றார். "எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

பிறகு அழத் தொடங்கினார். அப்பாவின் செத்தவீட்டில் கேட்ட அதே குரல். அக்கா அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்தார். துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். குசினியிலிருந்து வடை கருகும் மணம் வந்தது.

மாமி படலையைத் திறக்கும்போதே, "ஐயோ, ஆர் போனது?" என்று கத்திக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தன் நெற்றியைச் சுட்டிக் காட்டினார். சிறிய கறுப்பு ஒட்டுப்பொட்டு. அவர் கணவரும் முன்னமே இறந்துவிட்டவர்.

"எனக்குப் பயந்தே அழிச்சனி? நானே வைச்சுக்கொண்டெல்லே திரியிறன், விசரா."

என் கணக்கு பாதி சரி. மாமி போன கையோடு அம்மா அவரை மறந்தார். அழுததையும் மறந்தார். ஆனால் கண்ணீர் நிற்கவில்லை. எதற்கென்று தெரியாமல் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்தது அழிந்த பிறகும் அது விட்டுச்சென்ற துக்கமோ பயமோ தங்கிவிடலாம் என்று வைத்தியர் பிறகு சொன்னார். கட்டுரை அதற்குள் வெளிவந்துவிட்டது. மிகத் தெளிவாக இருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள்.

அம்மா இப்போதும் காலையில் குங்குமம் கேட்கிறார். அப்பாவின் பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிறார். அக்கா பொட்டு வைத்துவிடுகிறார். நான் விறாந்தையில் ஏறினால் மட்டும் அம்மாவின் கை மேலே போய் நெற்றியைப் பொத்திக்கொள்கிறது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஏன் பொத்துகிறார் என்றும் தெரியாது.

"அங்காலை போய் இரு. நீ நிண்டால் வாய் திறக்கமாட்டா," என்கிறார் அக்கா, சோற்றுக் கோப்பையோடு.

இப்போதெல்லாம் அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார் என்று தெரிந்த பிறகுதான் நான் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுகிறேன்.