ரெண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதது

மாலாவை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்திருந்தவர்கள் அவளுடைய அப்பா ஆறுமுகம் அண்ணன், அவள் தம்பி, வேன் ஓட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் நான். வராதவர் அவளைப் பெற்ற சரோஜா அக்கா. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் வேன் கிளம்பும்போது அக்கா லயத்து வரிசையில் தன் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஆறுமுகம் அண்ணன் வாசலில் நின்று "சரோஜா" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி, ஏறுங்க போவம்" என்று நொண்டிக்கொண்டே வந்து வேனில் ஏறினார்.

விமான நிலையத்தில் மாலாவின் பெட்டியை இறக்கியது நான்தான். பழைய தொழில், கை சும்மா இருக்குமா? தூக்கியதும் அந்த வாசனை வந்தது. விறகுப் புகை. புதுச் சூட்கேஸ்தான், கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை. ஆனால் உள்ளே மடித்து வைத்த துணி லயத்துத் துணியாயிற்றே. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் அந்தப் புகை போகாது. அதுதான் என்னை ஒரே இழுப்பில் பல வருசம் பின்னால், விமானத்தின் வயிற்றுக்குள் கொண்டுபோய் முட்டி போட வைத்தது.

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். படித்த கையோடு விமான நிலையத்தில் வேலை என்றதும் லயமே திரண்டு வந்து வழியனுப்பியது. எனக்கு அப்போது வைத்த பட்டப்பேர் 'பைலட்டு'. இன்றைக்கும் சிலர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே நான் பார்த்தது பெட்டி ஏற்றுகிற வேலை என்பதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

விமானத்தில் நீங்கள் போயிருப்பீர்கள். உங்கள் காலுக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது, தெரியுமா? நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு தவழ்ந்துதான் பெட்டிகளை அடுக்க வேண்டும். மேலே குளிரும் பன்னீரும் என்றால் கீழே எண்ணெய், ரப்பர், எங்கள் வேர்வை. அதற்கு மேலே பெட்டிகளின் வாசனை. கருவாடு, மிளகாய்த்தூள், தைலம். வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டி என்றால் சவர்க்காரமும் பால்மாவும். எங்கள் குழுவின் தலைவர் சுனில் அய்யா. சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார். தன்னைவிடச் சின்னவன் என்று என்னை 'மல்லி' என்பார். புகை வாசனையை வைத்து நான் எங்கள் தோட்டப்பக்கப் பெட்டிகளைச் சொல்லிவிடுவதில் அவருக்குப் பெரிய வேடிக்கை. "மல்லிக்கு மூக்கிலதான் உயர்தரம் பாஸ்" என்பார்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆள் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியும் பறக்கக் கூடாது. ஒருவர் குறைந்தாலும் கீழே தகவல் வரும். ஏற்றி முடித்த அத்தனையையும் கலைத்து அந்த ஒரு பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். தேடுகிற நேரம் வரைக்கும் கதவு திறந்திருக்கும். பெட்டி கிடைத்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே காணாமல் போனவருக்கு மிச்சமிருக்கும் நேரம் எங்கள் கையில்தான்.

அன்றைக்கு நல்ல மழை. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். ஏற்றி முடித்து வெளியே வந்து முட்டிச் சாக்கை அவிழ்க்கிறேன், சுனில் அய்யாவின் வாக்கிடாக்கி பேசியது. ஒருவர் ஏறவில்லை, பெட்டியை எடுங்கள் என்று. பேரையும் சொன்னது. பெருமாள் சரோஜா.

சரோஜா அக்கா. எங்கள் லயத்தில் மூன்றாம் காம்பிரா. அந்த வாரம் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார் என்று தெரியும். சாதாரணப் பயணமில்லை அது. அவர் போகவிருந்த வீட்டில் எங்கள் லயத்துக் கமலா அக்கா ஏற்கனவே சமையலுக்கு இருந்தார். அவர் நல்ல வீடு என்று பார்த்து, சொல்லி வைத்து, பிடித்துக் கொடுத்த இடம். ஏஜென்சி கொடுத்த முன்பணம் ஆறுமுகம் அண்ணனின் கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. போயே ஆக வேண்டும், அந்த வீட்டுக்கே போக வேண்டும். "தம்பிதான் அங்க இருக்கே, எனக்கென்ன பயம்" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மேலே கேட்டில் மைக் பிடித்திருந்தவன் என் அறைத்தோழன் நவாஸ். பண்டாரவளையில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. சுனில் அய்யாவின் வாக்கிடாக்கியைக் கெஞ்சி வாங்கினேன்.

"நவாஸ், அவங்க எங்க அக்காடா. அங்கதான் எங்கயாச்சும் உக்காந்திருப்பாங்க."

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு மச்சான். ஒரு அசைவும் இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மடுல்சீமையில் பனி இறங்கினால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர் முகம் தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து முகம் தெரியாத குரல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. மனுசராக இருந்தால் மூன்றாம் தடவையும் கூப்பிடுவார். அது ரெண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. 'அது' என்றால் எது என்று யாரும் விளக்கியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பதில் சொல்லிவிட்டுக் குரல் வந்த பக்கம் நடந்துபோன ஒருத்தியின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும். நான் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவன். இருந்தும் பனியில் முதல் கூப்பாட்டுக்கு இன்றுவரை திரும்பியதில்லை.

"மூணாவது தடவையும் கூப்பிடுடா. மூணாவதுக்குத்தான் எந்திரிப்பாங்க."

"அப்ப முதல் ரெண்டும் யாருக்கு?"

"பேய்க்கு."

நவாஸ் சொன்னான், "பேய் போர்டிங் பாஸ் எடுத்துட்டா வந்திருக்கு?" அந்த அலைவரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சுனில் அய்யாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாக்கிடாக்கியைப் பிடுங்கி, "ஏறு மல்லி" என்று என்னை உள்ளே தள்ளி, பின்னாலேயே அவரும் ஏறினார்.

இன்றைக்குக் கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தவழ்ந்தேன். ஆனால் மூக்கு கேட்கவில்லை. நாலைந்து பெட்டிகளை நகர்த்தியதுமே புகை வந்தது. நான் நின்றதைப் பார்த்து, "அதுவா?" என்றார் சுனில் அய்யா. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சீட்டைத் திருப்பிப் படித்தார். "கிடைச்சிட்டு" என்றார் வாக்கிடாக்கியில்.

பெட்டியோடு மழையில் இறங்கி நின்றேன். மேலே கதவைச் சாத்தினார்கள். வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்தது. அப்புறம் நடந்ததை நவாஸ் அன்றிரவு அறையில் சொன்னான். சிரித்து முடித்த பிறகும் அவனுக்கு மைக்கைக் கீழே வைக்க மனசு வரவில்லையாம். வழக்கமாகச் சொல்லும் அறிவிப்பை எல்லாம் விட்டுவிட்டு, "சரோஜா அக்கா, வாங்கக்கா" என்றானாம். தூணுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா விறைப்பாக எழுந்து நின்று, காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் கங்காணிக்குச் சொல்வதுபோல, "இருக்கேன்யா!" என்று சத்தம் போட்டாராம். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

நான் பார்த்தது கண்ணாடியை மட்டும். மாடியில் நீளக் கண்ணாடி, அதன்மேல் மழை வழிகிறது, உள்ளே சனத்தின் மூச்சில் பூத்த வெள்ளை. அந்த வெள்ளையை ஒரு கை துடைத்தது. அக்காவின் முகம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு போகும் விமானத்தைப் பார்த்தார். பிறகு கீழே, அவர் பெட்டியோடு நிற்கும் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. என் பேரைத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. மறுபடியும் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

வேலை முடிந்து வெளியே ஓடினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார்.

"ஏங்க்கா, சனம் ஏறும்போதே ஏறியிருக்கலாமே?"

"பேர் கூப்பிட்டா எந்திரின்னுதானே ஏஜென்சிக்காரன் சொன்னான்? பேர் கூப்பிடாம எந்தப் பெரட்டுல மலைக்கு ஏறியிருக்கோம்?"

"கூப்பிட்டாங்களே."

"கேட்டுச்சு தம்பி. ஸ்பீக்கருன்னு தெரியாதவளா நான்? கோயில்லயும்தான் கட்டுறாங்க. ஆனா வெளிய பாத்தா ஒரே வெள்ளை. ஆளு முகம் காணோம். தெரியாத குரலு, பெருமாள் சரோஜான்னு முழுப் பேரைச் சொல்லுது. வாய் வரல." பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டே, "மூணாவதா கூப்பிட்டானே, அதுதான் மனுசக் குரல்" என்றார்.

அந்த வீடு கைவிட்டுப் போயிற்று. கமலா அக்கா எவ்வளவோ கேட்டும் வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். முன்பணம் தலைக்கு மேல் நின்றது. ஏஜென்சி வேறொரு வீட்டைக் காட்டியது, அக்கா போனார். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பினார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னதில்லை. ஒன்றை மட்டும், அதுவும் மாலாவிடம், சொல்லியிருக்கிறார். அங்கே அவரைச் சரோஜா என்று யாருமே கூப்பிடவில்லையாம். முன்னால் இருந்த வேலைக்காரியின் பேரையே இவருக்கும் வைத்துவிட்டார்களாம். இப்போது லயத்தில் யார் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அக்கா திரும்புவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும்.

மாலா உள்ளே போன பிறகும் நான் பழைய பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டேன். "இப்ப யார் பேரையும் கூப்பிடுறதில்லீங்க. எல்லாம் போர்டுல வரும்" என்றார். மாலா முன்னாடியே சொல்லியிருந்தாள், "போன்ல வந்துரும் மாமா, நீங்க பயப்படாதீங்க" என்று. நவாஸும் வெளிநாடு போய்விட்டான், அவன் குரலும் அங்கே இல்லை. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். பெரட்டுக் களத்தில் இப்போது த்ரீவீலர்கள் நிற்கின்றன. கொழுந்து நிறுக்கும்போது அட்டையைக் காட்டினால் போதும், பேர் வேண்டியதில்லை. பனிக்குள்ளிருந்து கூப்பிடும் அது மட்டும் எங்கே போயிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். கூப்பிட இன்னும் வருகிறதோ என்னவோ.

திரும்பும் வழியில் அப்புத்தளையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினோம். நல்ல பனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வேன்கூடத் தெரியவில்லை. அங்கிருந்து மாலாவின் தம்பி "அப்பா" என்று கூப்பிட்டான். ஆறுமுகம் அண்ணன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். இன்னொரு தடவை கேட்டது. நானும் அசையவில்லை. மூன்றாம் தடவைக்கு, "வர்றேன்டா" என்று எழுந்தார்.

பாதி ரோட்டில் என் தோளைப் பிடித்து நின்றார். "போன மாசந்தான் தம்பி கடைசிக் காசு கட்டினேன். முன்பணம், ஒங்க அக்கா தவறவிட்ட அந்த டிக்கெட்டு, வட்டி எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன்" என்றார். பனிக்குள் வேனின் விளக்கைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம்."