அடுப்புக்கு மேல் வைத்த ட்ரோன் பேட்டரி

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில், மழைக்காலத்தில் ஈரமான தீப்பெட்டி, டோர்ச் எல்லாம் அடுப்புக்கு மேலுள்ள பரணில்தான் காயும். ஆசைப்பட்டு வாங்கிய என் முதல் ட்ரோனின் பேட்டரியையும் அங்கேதான் வைத்தேன். யாரோ பாவித்துவிட்டு விற்ற பெரிய ட்ரோன் அது. பனியில் பறக்கவிட்ட பின் பேட்டரி லேசாக உப்பி, சார்ஜ் ஏற மறுத்தது. பரணில் சூடானதும் எடுத்துச் சார்ஜரில் போட்டேன்; சார்ஜ் ஏறும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிம்மதியாக, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போய்விட்டேன்.

"தம்பி, ஒன் காம்பராவுல பொகை வருதுப்பா!"

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் சத்தம். ஓடிவந்தால், என் அறைக்குள் பேட்டரி சீறி எரிந்துகொண்டிருந்தது. மண்வெட்டியில் வாரி முற்றத்தில் எறிந்தேன்.

எங்கள் வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகப் புகை, அக்காவின் கைக்குழந்தை தூங்கிய தொட்டிலுக்குப் போயிருந்தது.

"இருமுறான், வேற ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா, பிள்ளையை இறுக்கிக்கொண்டு. என்னைத் திட்டவே இல்லை.

இப்போது என்னிடம் இருப்பது, புது பேட்டரி சுலபமாகக் கிடைக்கும் சின்ன ட்ரோன். குளிர்ந்த பேட்டரியை அடுப்புப் பக்கம் கொண்டுபோவதில்லை. உப்பியதைச் சார்ஜரில் போடுவதில்லை. நல்லதையும் முற்றத்துக் கல்லில் வைத்துத்தான் சார்ஜ் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறான். அவன் சாதாரணச் சளிக்கு இருமினாலும், என் கை சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறது.