பிடியரிசிக் கஞ்சி

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளுக்குத் தலையிடி. சரி, இன்றைக்குச் சோற்றை நான் வைக்கிறேன் என்று குசினிக்குள் நுழைந்தேன். சுண்டு என்கிற அளவுக் குவளையால் அளந்து சட்டியில் போட்ட அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் திரும்பவும் தகரத்துக்குள் போட்டிருக்கிறேன். அறிந்து செய்யவில்லை. வாசலில் நின்ற மருமகள் பார்த்துவிட்டாள். அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்கென்று வந்தால் மாமியாரையும் விடமாட்டாள்.

"என்ன மாமி, அளவாத்தானே போட்டனீங்கள். பிறகேன் திருப்பி எடுக்கிறியள்?"

வயது போனால் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும் என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனாள். இந்த அம்பிட்டிய வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து என் ஞாபகசக்தியின் மேல் அவளுக்கு ஒரு கண் உண்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன, மறந்ததால் வந்த வினை இல்லை அது.

சின்ன வயதில் நாங்கள் கண்டிக்கருகே பிலிமத்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நான் கொழுந்தெடுக்கப் பழகிக்கொண்டிருந்த காலம். வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்தில் வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு, எங்களுடையது மட்டும்தான். அம்மா எஸ்தர், ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் அரிசியில் ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த மண்பானையில் போடுவாள். பிடியரிசி என்று பெயர். அது ஆண்டவருக்கு. மாதத்துக்கு ஒருதரம் உபதேசியார் ஐயா மலையேறி வந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஜெபக்கூட்டம் வைத்துவிட்டு, அந்த அரிசியைப் பையில் கட்டிக் கண்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவார். அங்கே ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

தோட்டத்தில் கொடுத்த அரிசிக்குச் சாக்கு வாடை. எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. அந்த வாடையோடுதான் அதை ஆண்டவருக்கும் கொடுத்தோம். பக்கத்துக் காம்பரா மாரியாயிக்கு இது பெரிய வேடிக்கை. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். "எங்க சாமி வருசத்துக்கு ஒருதரம் பொங்க வச்சா போதுங்குது. ஒங்க சாமிக்கு மூணு வேளையும் வேணுமாக்கும்" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே பானையை மூடுவாள். அப்பாவும் சிரிப்பார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், நல்ல உடம்புக்காரர். கீர்த்தனை பாடினால் மட்டும் ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். லயத்து நாய்கள் எழுந்து இடம் மாறும்.

பிறகு மழை பொய்த்தது. பள்ளத்து ஆற்றில் தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாக நின்றது. அதைத் தொடர்ந்து மலேரியாக் காய்ச்சல் வந்தது. முதலில் பள்ளத்துக் கிராமங்களில், பிறகு எங்கள் லயத்தில். ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களும் விழுந்தார்கள். தேயிலை துளிர்க்காததால் வேலை நாட்களையும் குறைத்துவிட்டார்கள். வேலைக்குப் போனால்தான் கணக்குப் புத்தகத்தில் பேர் விழும், பேர் விழுந்தால்தான் அரிசி. படுத்துக் கிடப்பவனுக்கு யார் பேர் போடுவது?

அப்பா விழுந்தார். அவ்வளவு பெரிய மனிதர் போர்த்தியிருந்த கம்பளியோடு சேர்ந்து நடுங்கியதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து கொயினா கொடுத்தார். அதன் கசப்பு வாடை இன்றைக்கும் எங்காவது மருந்துக்கடையில் மூக்கில் பட்டால் நான் கடையை விட்டு இறங்கிவிடுவேன்.

"வெறும் வயித்துல குடுத்தா நிக்காதும்மா. மொதல்ல கஞ்சி குடுங்க, அப்புறம் மருந்து" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கஞ்சிக்கு அரிசி எங்கே? எங்கள் அரிசி முடிந்துவிட்டது. அம்மா ஈரப்பலாக்காய் அவித்துக் கொடுத்துப் பார்த்தாள், அது தொண்டைக்குள் இறங்கவில்லை. மருந்தும் நிற்கவில்லை, குடித்த கையோடு வாந்தி. ஆனால் மூலையில் பானை இருந்தது, கழுத்துவரை அரிசியோடு. உபதேசியாரும் காய்ச்சலில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவர் வராத மாதங்களின் பிடியரிசி அவ்வளவும் அப்படியே கிடந்தது.

"எடும்மா" என்றேன்.

"அது நம்மளது இல்ல."

"அப்பா செத்துப்போனா அந்தப் பானைய என்ன செய்வே?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடுத்தத திருப்பி எடுத்தா, அதுக்காகவே ஆண்டவரு ஒங்கப்பாவ எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்குடி" என்றாள். அதுவரை அம்மாவுக்கு இருப்பது விசுவாசம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளைப் பிடித்திருந்தது பயம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய ஆண்டவர்மேலும் கோபம்தான். ராத்திரி முழுக்க அவள் பானைக்கு எதிரே முழங்காலில் இருந்தாள். அப்பாவின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் காம்பரா முழுக்கக் கேட்டது.

விடிந்ததும் மாரியாயி வந்தாள். அவள் மகள் செல்லம், நடை பழகாத குழந்தை, அதற்கும் காய்ச்சல். அரிசி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் திக்கென்றது. கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? மாரியாயி எதுவும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி அரிசி.

"இதுதான் வீட்டுல மிச்சம். ஒங்க சாமிக்கு நேந்துக்கிட்டேன் எஸ்தரு. பானைல போடு. எம்புள்ளய விட்டுடச் சொல்லு."

அம்மா கையை நீட்டவில்லை. மாரியாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தான் செய்த பேரத்தைத்தான் இன்னொருத்தி வாசலில் நின்று செய்கிறாள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். பிறகு அந்த முந்தானையைத் தானே திரும்ப முடிந்துவிட்டாள்.

"பசிச்ச புள்ள வாயில இருந்து எடுத்துத் திங்கிற சாமி இல்ல மாரியாயி. அப்பிடின்னு நெனச்சு நானும் ஒரு முட்டாளா ஒக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பானையைத் திறந்தாள்.

முதல் கஞ்சி செல்லத்துக்குத்தான் போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த கிண்ணம் அப்பாவுக்கு. மெல்ல மெல்லக் குடித்தார், மருந்து நின்றது. "ஆண்டவர் சோத்துல பங்குக்கு வந்துட்டேன், மேல போனா கேக்கப்போறாரு" என்று அப்பா முனகினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா சிரித்ததை நான் பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் விடியுமுன்னே பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினாள். ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு, லயத்தில் யார் எழும்ப முடியாமல் கிடந்தார்களோ அந்த வீடெல்லாம் ஏறி இறங்கினோம். சில வீடுகளுக்குள் போகவே எனக்குப் பயம். போய், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்கையில் கங்காணி முறைத்தார்.

"பிந்தி வந்தா அரப் பேருதான், எஸ்தரு."

"அரப் பேரு போதுங்க" என்றாள் அம்மா. அரைப் பேருக்கு அரை அரிசி. அதிலும் ஒரு பிடி பானைக்குள் போனதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது என்ன பைத்தியம் என்று கேட்டேன். "இப்பத்தான் இது யாருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

இத்தோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். செல்லம் பிழைத்துக்கொண்டது. அப்பா எழுந்து வாசல் இஸ்தோப்பில் உட்காரும் அளவுக்குத் தேறினார். பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தமுறை கஞ்சியும் கேட்கவில்லை, கொயினாவும் கேட்கவில்லை. ஒரு பகல் வேளையில், அம்மாவின் கையைப் பிடித்தபடி போய்விட்டார். உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. எழுந்து நடமாட முடிந்த நாலைந்து ஆண்கள், எல்லாம் திருநீறு பூசுகிறவர்கள், தோட்டத்துச் சரிவில் குழி வெட்டினார்கள். ஜெபத்தை அம்மாவே சொன்னாள். அவள் குரல் உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. எனக்கு அதுவும் கோபமாக இருந்தது.

மறுநாள் விடியுமுன்னே அடுப்பில் புகை. மாரியாயி ஓடிவந்தாள்.

"இன்னிக்கிமா? ஒரு நாளு படுத்து அழக்கூடாதா? அந்தச் சாமி ஒனக்கு அப்பிடி என்னத்தக் குடுத்துருச்சு?"

அம்மா கரண்டியை விடவில்லை. கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எம்புருசன நான் திரும்பப் பாப்பேன் மாரியாயி. அது எனக்கு நிச்சயம். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு என்னா செய்யச் சொல்ற? வா, இந்தப் பக்கத்தப் பிடி."

மாரியாயி பிடித்தாள். அன்றிலிருந்து சட்டியின் மறுபக்கம் அவளுடையது.

பானை அடி தெரிகிற நேரத்தில் உபதேசியார் ஐயா வந்து சேர்ந்தார். பாதி ஆளாகியிருந்தார். மடித்த பை கக்கத்தில் இருந்தது. "பிடியரிசி எங்கம்மா?" என்றார். கோயில் அரிசியைச் சொந்தமாகச் செலவழித்தோம் என்று சபையில் சொன்னால் அம்மாவின் தலை குனிந்துவிடும்.

"லயத்துல எல்லாரும் சாப்பிட்டாங்கய்யா" என்றாள் அம்மா.

"எல்லாருமா? நம்ம ஆளுங்க..."

"நம்ம வீடு ஒண்ணுதானேய்யா வேதக்கார வீடு. எல்லாருந்தான் சாப்பிட்டாங்க."

ஐயா பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஜெபம்கூடச் செய்யாமல் இறங்கிப் போனார். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை அதே பையில் டவுன் கோயில் அரிசி நிறையச் சுமந்துகொண்டு ஏறி வந்தார். மூச்சு வாங்கப் பையைப் பானைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். அந்த அரிசிக்குச் சாக்கு வாடை இல்லை என்பதில் மாரியாயிக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது அந்த லயம் இல்லை. குடியுரிமை இல்லையென்று சனங்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் மாரியாயியும் செல்லமும் போனார்கள். கண்டி ஸ்டேசனில் என்னைக் கட்டிக்கொண்டு அழுததோடு சரி, எந்த ஊரில் இறங்கினார்களோ தெரியாது. அம்மா கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள், சலனமில்லாமல். போன வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க அந்தச் சரிவில் ஏறினேன். பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சரிவு முழுக்கப் புதுத் தேயிலை நட்டிருக்கிறார்கள். சிலுவை இல்லை, மேடு இல்லை, எந்தச் செடியின் கீழே என்று சொல்லவும் யாரும் இல்லை. அம்மா இருந்திருந்தால், கடைசி நாளில் எழுப்புகிறவருக்கு இடம் தெரியும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். எனக்கு அவ்வளவு திடம் இல்லை. மகன் வீதிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, செடிகளுக்கு நடுவில் நின்று, "அப்பா" என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.